ஆசிரியர் கையில் ஒரு போன் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு வாசகர், காலம் மாறிவிட்டது, செயலிகள் எல்லாம் இலவசம், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு செல்போன் கொடுத்துவிட்டால் பாடம் தானாக ஏறிவிடும் என்று பதில் எழுதினார். இருவருமே வகுப்பறையில் இப்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் எழுதியதாக எனக்குத் தோன்றுகிறது. நான் கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டு கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. காசு கொடுக்காமல் கிடைக்கிற இந்தச் செயலிகளைக் கொரோனா காலத்திலிருந்து வகுப்புக்குப் பயன்படுத்தி வருகிறேன். மாணவர் கையில் போன் தேவையில்லை, ஆசிரியர் கையில் ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு. வெர்னியர், திருகு அளவி என்று நுண்ணளவுக் கருவிகளைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிள்ளைகளை மழைமானி செய்யச் சொன்னேன். கல்யாண வீட்டில் கிடைத்த இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான். மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். பாட்டிலின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, கல் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். அங்கிருந்து மேலே காகித அளவுகோலை ஒட்டி, மேலே செல்லோடேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு அளவு எடுப்பதுபோல நாங்களும் காலை வழிபாட்டுக்கு முன்பு அளவு எடுப்போம்.

இதில் சமூக ஊடகம் எங்கே வந்தது என்றால், என்னோடு பி.எட். படித்த தோழி ஒருத்தி இதே மாவட்டத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாள். அவள் வகுப்பிலும் ஒரு பாட்டில் வைக்கச் சொன்னேன். தினமும் காலையில் எங்கள் பாட்டிலை ஒரு படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அவள் தன் வகுப்புப் பாட்டிலை அனுப்புவாள். அவ்வளவுதான். எந்த மாணவரும் எந்தக் குழுவிலும் இல்லை. ஆனால் படம் வந்துவிட்டதா என்று என் மேசையைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். அவர்களுக்கு நல்ல மழை, எங்களுக்குத் தூறல்கூட இல்லை என்றால் வகுப்பு முகம் வாடிப்போகும். வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா. ஒரே மாவட்டத்துக்குள் அங்கே ஏன் பெய்தது, இங்கே ஏன் பெய்யவில்லை என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. பாடநூல் வினாவாக இருந்திருந்தால் அதை நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் எங்கள் வகுப்பில் 35 மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தோழியின் வகுப்பிலிருந்து பதில் வந்தது: படத்தைப் பார்த்தால் 32 மாதிரிதானே தெரிகிறது? ஒரே களேபரம். அளவு சொன்ன பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான், தன் கண்ணால் 35ஐப் பார்த்ததாக. அவன் பொய் சொல்லவில்லை. பாட்டில் தரையில் இருந்தது, அவன் நின்றபடி குனிந்து மேலிருந்து பார்த்திருக்கிறான். நான் படம் எடுக்கும்போது மண்டியிட்டு நீர்மட்டத்துக்கு நேராகப் போனைப் பிடித்திருந்தேன். அவனையே கூப்பிட்டு, போனைக் கையில் கொடுத்து, நின்றுகொண்டு ஒரு படமும் உட்கார்ந்துகொண்டு ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே தண்ணீர், இரண்டு அளவு. இடமாறு தோற்றப் பிழை என்று பாடநூலில் இருப்பதை அன்றைக்கு அவன்தான் வகுப்புக்கு விளக்கினான். அந்த இரண்டு படங்களையும் எதிர்ப் பள்ளிக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம், தான் பொய்யன் இல்லை என்பதற்கு ஆதாரமாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பல ஊர்களில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. சிக்னல் திரும்பிய பிறகு ஒரு மாணவியின் அப்பா எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வீட்டிலும் ஒரு பாட்டில் வைத்திருந்தாளாம், நிறைந்து வழிந்துவிட்டதாம், கொட்டிவிட்டு மறுபடி வைத்தால் மறுபடியும் வழிந்ததாம். “பாட்டில் பத்தல மிஸ், எத்தனை தடவை கொட்டினேன்னு எழுதி வச்சிருக்கேன்” என்றாள். பள்ளி திறந்ததும் 95 செ.மீ. என்பதை அளவுகோல் வைத்துச் சுவரில் கோடு போட்டுக் காட்டினேன். அவளுக்கு இடுப்புக்கு மேலே வந்தது.

குரல் பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்த இலவசக் கருவிகளிலேயே மிக உருப்படியானது அதுதான். எங்கள் பிள்ளைகளுக்குப் போனில் தமிழ் தட்டச்சு செய்வது சிரமம், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் படிக்கும் எனக்குச் சிரமம். பேசச் சொல்லிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள், இரவு அப்பாவின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு முழுதாக இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். பின்னணியில் குழம்பு தாளிக்கும் சத்தம், டிவி சீரியல் எல்லாம் கேட்கும், பரவாயில்லை.

வேதிவினைகள் பாடம் நடத்தியபோது, வீட்டில் யாராவது தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றேன். வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கேள்வி இதுதான்: தீக்குச்சியைச் சுவரில் உரசினால் பற்றுவதில்லை, பெட்டியில் உரசினால் மட்டும் ஏன் பற்றுகிறது? அதிகம் பேசாத ஒரு மாணவி தன் அம்மாவைப் பேச வைத்து அனுப்பியிருந்தாள். அந்த அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: “குச்சி மருந்து வேற, பெட்டியில தடவுற மருந்து வேற. ரெண்டும் சேந்தாத்தான் பத்தும். அதனாலதான் ரெண்டையும் ஒரே இடத்துல வைக்க விடமாட்டாங்க. வச்சா அம்புட்டுத்தான்.”

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால் லேசான உராய்வே போதும், தீப்பிடித்துவிடும் என்பதை நான் பாட மொழியில் சொல்லியிருப்பேன். அந்த அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு அந்தப் பதிவைச் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் வகுப்பில் போட்டுக் காட்டினேன். ‘வச்சா அம்புட்டுத்தான்’ என்ற இடத்தில் வகுப்பு சிரித்தது, அப்புறம் ஒரு பையன் எழுந்து ஏன் மிஸ், வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் பொருள், அதாவது ஆக்சிஜனேற்றி என்ற வார்த்தையை அந்த நிமிடத்தில்தான் பலகையில் எழுதினேன். அந்த மாணவி இப்போது வகுப்பில் பேசுகிறாள். நிறையவே பேசுகிறாள், சில நேரம் அடக்க வேண்டியிருக்கிறது.

சரி, எல்லாமே நல்லபடி நடக்கிறதா என்றால் இல்லை. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி வந்த புதிதில், மாலை நேரத்தில் பெற்றோர் குழுவில் ஒரு கேள்வி போட்டு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற வழக்கம் பல ஆசிரியர்களிடம் பரவியது. நானும் போட்டுப் பார்த்தேன். அதில் யார் எந்த விடையைத் தொட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் வீட்டு எண் ஒரு விடையைத் தொடும் வரை யாரும் அசைய மாட்டார்கள், தொட்டதும் அத்தனை பேரும் அதே விடையில் போய் விழுவார்கள். விடை தவறாக இருந்தாலும் நூற்றுக்கு நூறு ஒற்றுமை! பார்க்கக் கலகலப்பாகத்தான் இருக்கும், மேலதிகாரிக்குக் காட்டினால் ‘பங்கேற்பு அருமை’ என்பார். யாருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது. வாக்கெடுப்பை ஆண்டு விழாத் தேதி கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

யூடியூபும் அப்படித்தான். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் செரிமான மண்டலம் வீடியோ போட்டால், சிறுகுடலுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு நடிகர் வந்து ஆன்லைன் ரம்மி விளையாடக் கூப்பிடுவார். 2025இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது, ஆனால் ஏதோ ஒரு விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: வீடியோவை முந்தின நாள் போனிலேயே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். நாமே வீடியோ எடுத்தால் லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி, கருத்துப் பகுதியை மூடிவிடலாம். 2018இல் புதிய பாடநூல்கள் வந்ததிலிருந்து பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. முதலில் அங்கே தேடிவிட்டு யூடியூபுக்குப் போவது நல்லது.

பிள்ளைகளை நேரடியாகக் குழுவில் சேர்ப்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாட்ஸ்அப் கணக்கு வைத்திருக்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனமே வைத்திருக்கும் விதி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதுதான். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். சாதாரண வகுப்புக் குழு ஒன்றில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக் குழுவிலிருந்த எண்கள் அத்தனையும் ஒரு தனியார் டியூஷன் சென்டரின் கைக்குப் போய்விட்டன. பெற்றோருக்குப் போன் மேல் போன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மாணவிக்கு முகம் தெரியாத ஒருவனிடமிருந்து இரவில் ‘ஹாய்’ வரத் தொடங்கியதும், அவள் அப்பா முதலில் பிடுங்கியது போனை, இரண்டாவதாகப் பேசியது படிப்பை நிறுத்துவதைப் பற்றி. நம் ஊரில் ஒரு ‘ஹாய்’ பெண் பிள்ளையின் படிப்பு வரை போகும் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து செயலி செய்கிறவர்கள் யோசிப்பதில்லை.

அதனால் எங்கள் வகுப்புக் குழுவில் இருப்பது பெற்றோர்கள் மட்டும். அட்மின் மட்டுமே செய்தி போட முடியும் என்று அமைத்துவிட்டேன். முன்பு திறந்து வைத்திருந்த காலத்தில் விடிந்தால் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம், தேர்தல் நேரத்தில் கட்சிக் கொடி, யாரோ பெற்ற பிள்ளைக்கு ரத்தம் தேவை என்று ஐந்து வருடத்துக்கு முந்தைய செய்தி. இப்போது வீட்டுப்பாடம், விடுமுறை, படம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான் போகும். பதில் சொல்ல விரும்பும் பிள்ளை பெற்றோர் போனிலிருந்து எனக்குத் தனியாக அனுப்பும். அப்பா போனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார் என்றால் மறுநாள் பள்ளியில் என் போனிலேயே பதிவு செய்யலாம். பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளும் இன்னும் இருக்கின்றன, ரீசார்ஜ் தீர்ந்துபோன வீடுகள் அதைவிட அதிகம். அந்த வீட்டுப் பிள்ளைகள் கையை உயர்த்தி “எங்க வீட்ல இல்ல மிஸ்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லும்படி எந்த வேலையும் கொடுக்கக்கூடாது.

தலைமையாசிரியர் ஐயா ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டியிருந்தார். அங்கே 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்திருப்பது உண்மை. ஆனால் தடை, கணக்கு வைத்திருப்பதற்குத்தான். கணக்கு இல்லாமல் யூடியூப் பார்க்கலாம், ஆசிரியர் வகுப்பில் போட்டும் காட்டலாம். வாட்ஸ்அப் அந்தத் தடைப் பட்டியலிலேயே இல்லை. ஆக, ஐயா சொல்லும் ஆஸ்திரேலியா கிட்டத்தட்ட நான் சொல்வதைத்தான் செய்கிறது.

அவருக்குப் பதில் எழுதிய வாசகர் சொன்ன ‘எல்லாம் இலவசம்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. இலவசச் செயலி வாடகை வீடு மாதிரி, எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாது. ஆசிரியர்களுக்கான சமூக வலைத்தளம் என்று உலகம் முழுக்கப் பேர் பெற்றிருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. மாணவர்கள் குட்டி வீடியோவில் பதில் சொல்லும் ஃபிளிப் என்ற அருமையான செயலியை மைக்ரோசாஃப்ட் வாங்கி, இலவசமாக்கி, 2024இல் தனிச் செயலியாக இல்லாமல் செய்துவிட்டது. டிக்டாக்கில் பாடம் போட்டுக்கொண்டிருந்த நம் ஊர் ஆசிரியர்களுக்கு, மத்திய அரசு தடை விதித்த 2020 ஜூன் 29 இரவோடு எல்லாம் முடிந்தது. எந்தச் செயலியாக இருந்தாலும் பிள்ளைகள் செய்ததன் பிரதி ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும். எங்கள் மழை அளவு எல்லாம் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.

மனம் பொறுக்காமல் இன்னொன்று. சில ஆசிரியர்கள் மாணவர்களை வரிசையில் நிறுத்தி ஆட வைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். லட்சம் பேர் பார்த்தார்கள் என்று அதற்குப் பாராட்டு வேறு. அந்த ரீல்ஸில் ஈடுபாட்டோடு இருப்பது பார்வையாளர்கள். பிள்ளைகள் நாலாவது டேக்கில் களைத்துப் போயிருப்பது முகத்திலேயே தெரிகிறது. சீருடையில் பள்ளியின் பெயர் தெரிய, முகம் தெரிய, ஊர் தெரியப் போடப்படும் அந்த வீடியோவுக்கு எந்த அம்மாவிடம் எழுதி வாங்கினார்கள்? நான் மழைமானிப் படம் அனுப்பும்போது பாட்டிலும் அளவுகோலைத் தொட்டுக் காட்டும் விரலும்தான் தெரியும். அதற்கே பிள்ளைகள் என் விரல், என் விரல் என்று குதிக்கிறார்கள்.

இனி கல்வித் துறையிடம் ஒரு கோரிக்கை. எங்களுக்கு வரும் உத்தரவு, படிவம், அவசரத் தகவல் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ஆனால் வகுப்புக்கு அதே வாட்ஸ்அப்பை எப்படிப் பயன்படுத்தலாம், எதைச் செய்யக்கூடாது என்று கையில் பிடிக்கும்படி ஒரு பக்கம் எழுதித் தர ஆளில்லை. ஒரு அதிகாரி வந்தால் ஏன் இன்னும் குழு ஆரம்பிக்கவில்லை என்கிறார், அடுத்தவர் வந்தால் யாரைக் கேட்டு ஆரம்பித்தீர்கள் என்கிறார். மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டு வரக்கூடாது என்ற விதி சரியானது, அது இருக்கட்டும். ஆசிரியர் தன் போனை வகுப்பில் எடுத்தால் அது பாடமா வேடிக்கையா என்று தீர்மானிப்பது வந்து பார்க்கிறவரின் அன்றைய மனநிலையாக இருக்கக்கூடாது.

அந்த ஒரு பக்கத்தோடு பள்ளிக்கு ஒரு போனும் ஒரு சிம்மும் வேண்டும். என் சொந்த எண் இன்று எங்கள் ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், டீச்சர் சாப்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்கள். ஆனால் இரவு பத்தரை மணிக்குக் குடித்துவிட்டு அழைப்பவரும் உண்டு, முகப்புப் படத்தை மாற்றினால் கருத்துச் சொல்பவரும் உண்டு. இளம் ஆசிரியைகள் பலர் குழுவே வேண்டாம் என்று ஒதுங்குவதற்கு இதுதான் காரணம், தொழில்நுட்பம் தெரியாததல்ல. பள்ளி எண்ணாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருகிறவருக்கு அந்த எண்ணும் பெற்றோர் தொடர்பும் அப்படியே இருக்கும். ரீசார்ஜுக்குப் பள்ளி மானியத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். சங்கக் கூட்டத்தில் இதை எழுத்துப்பூர்வமாகவே கொடுத்திருக்கிறோம், இதுவரை பதில் இல்லை. தங்கள் நாளிதழில் வந்தால் யாராவது படிப்பார்கள் என்றுதான் இத்தனை நீளமாக எழுதிவிட்டேன். இடம் போதாவிட்டால் ரீல்ஸ் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், சிம் பத்தியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
கோவில்பட்டி வட்டாரம்